கின்னெர்ட் துரையின் எலும்புகள்

கிளன்ரூவன் தோட்டம், மேல்கணக்குப் பிரிவு,
ஹட்டன்.

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் புண்ணியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தெய்வானையும் சுகம். மாத்தளையில் நீங்களும் அக்காவும் மிளகுக் கொடிகளும் சுகமாயிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அக்காவுக்கு உரக்க வாசித்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். பிறகு அவளுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்து, அரை மணி நேரம் விட்டு, உங்களுக்குச் சரியென்று படுகிற அளவு சொல்லுங்கள். விஷயம் இதுதான்: செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பூட்டனைத் தோண்டி வெளியே எடுத்துவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தேயிலை ஆலையில் டீமேக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஆலன் கின்னெர்ட் துரையின் பழைய பங்களாவைச் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலையை எனக்குக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். துரையின் குளியல் தொட்டி, தூரக்கண்ணாடி, அவர் முதலில் நட்ட தேயிலைச் செடி, கடைசியாக ஏழாம் நம்பர் மலையில் அவர் கல்லறை. காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர் அவர் என்று சொல்லுவேன். வெட்டியது யார் கை என்று இதுவரை எந்த வெள்ளைக்காரரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஐம்பத்தேழாம் வருஷப் பெருமழையில் அந்த மலை சரிந்து, துரையின் கல் உருண்டு தேயிலைக்குள் விழுந்தது. மறுநாள் கம்பெனி ஏஜென்ட் வருகிறார், விடியுமுன் கல்லை நட்டு வை என்று அப்போதிருந்த துரை எங்கள் அப்பாவுக்கு உத்தரவு போட்டார். பழைய இடமே இல்லை. அப்பா யோசித்தார். வெறும் மண்ணில் கல் நட்டால் பொய்யாகிவிடும், கீழே ஒரு ஆளாவது படுத்திருக்க வேண்டும் என்று, சரியாமல் தப்பித்து நின்ற எங்கள் பூட்டன் கறுப்பண்ணன் கங்காணியின் சமாதி மேலேயே நட்டுவிட்டார். இது அப்பாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அதனால்தான் வருஷா வருஷம் ஆடியில் நாங்கள் அங்கே சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிடுகிறோம். அதைத்தான் மானேஜர் படம் பிடித்து, ‘துரையை இன்றும் தெய்வமாக வணங்கும் தொழிலாளர் குடும்பம்’ என்று பங்களா வாசலில் மாட்டியிருக்கிறார்.

போன வாரம் கின்னெர்ட் துரையின் கொள்ளுப்பேத்தி ஐலா என்கிற அம்மா, பல் டாக்டராயிருந்து ஓய்வு பெற்ற தன் புருஷனோடு வந்து இறங்கினார். கையில் கொழும்பிலிருந்து முத்திரை குத்திய அனுமதிக் கடிதம், வேனில் ஒரு தேக்குப் பெட்டி. தங்கள் பூட்டனாரை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோய் ஊர்ச் சர்ச் தோட்டத்தில் அடக்கம் செய்யப் போகிறார்களாம். கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அறுபது வருஷப் பொய் வெளியே வரும், அப்பா பெயர் கெடும், பங்களா வேலை போகும். சொல்லாவிட்டால் பூட்டன் விமானம் ஏறிவிடுவார். தெய்வானையிடம் சொன்னேன். “பேசாம போகட்டும்ங்க. ஒங்க குடும்பத்துல ஒருத்தராச்சும் வெளிநாடு பாக்கட்டுமே” என்கிறாள்! அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மலையில் ஏறினோம். பனி மூட்டம், ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. நான் முதலில் ராகு காலம் என்றேன். மானேஜர் எக்கநாயக்க சிங்களவர், ஆனாலும் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர், கைக்கடிகாரத்தைப் பார்த்து, “செவ்வாக்கெழம ராகு காலம் மூணு மணிக்கு மூர்த்தி” என்றார். அட்டை கடிக்கும் என்றேன், அந்த அம்மா முழங்கால் வரை காலணி போட்டிருந்தார். வேறு வழியில்லாமல் கல்லைச் சாய்த்தார்கள். மண்வெட்டி முதல் தடவை இறங்கியபோது என் முதுகில் இறங்கியது போல இருந்தது. தோட்டத்து ஆட்கள் கோவிந்தனும் இன்னொருத்தரும் மாறி மாறி வெட்டினார்கள். இடுப்பளவு போனதும் கோவிந்தன், “ஐயா, என்னமோ தட்டுது” என்றான். குனிந்து எடுத்துக் கொடுத்தான். வெற்றிலை இடிக்கிற சின்னப் பித்தளை உரல்.

ஐலா அம்மா அதைக் கைக்குட்டையில் வாங்கி, “இது என்னது?” என்று கேட்டார். அவர் பேசியது இங்கிலீஷ், நான் நம்ம பேச்சில் எழுதுகிறேன். மானேஜர் என்னைப் பார்த்தார். அத்தான், அந்த நேரத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? “தொரைக்கு வெத்தல போடுற பழக்கம் இருந்துச்சும்மா.” அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நெனச்சேன்! அவர் இந்த மண்ணோட மனுஷனாவே மாறிட்டார்!” என்று அழ ஆரம்பித்துவிட்டார். அடுத்து மண்டையோடு வந்தது. பல் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாடையைத் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கறையைப் பாரு ஐலா. நாப்பது வருஷமாவது மென்னிருக்கார். இது வெள்ளைக்காரன் தாடையாவே தெரியல” என்றார். அவர் ஒன்றும் சந்தேகத்தில் சொல்லவில்லை, வியப்பில் சொன்னார். அந்த அம்மா மண்டையோட்டை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் முத்தம் வைக்கப் போனார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. “அம்மா, வேணாம்! அது ஒங்காளு இல்ல. எங்க பூட்டன்!” என்று கத்திவிட்டேன். மலை முழுக்க எதிரொலித்தது. கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். மழை, சரிவு, ஏஜென்ட், அப்பா, கல், சுருட்டு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். மானேஜரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. “அப்ப அந்த வாசல்ல இருக்குற படம்?” என்றார். “அது எங்க குடும்பப் படையல் ஐயா.” “ஆயிரக்கணக்கான பேருக்கு நீ பொய் சொல்லியிருக்க.” “நான் சொல்லல ஐயா. நீங்கதான் எழுதி மாட்டுனீங்க.” அவர் கையை நீட்டினார். “பங்களாச் சாவியக் குடு.” இடுப்பிலிருந்து அவிழ்க்கிறேன், முடிச்சு வரமாட்டேன் என்கிறது. ஐலா அம்மா அதுவரை மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டார், “அப்போ எங்க பூட்டனார் எங்கே?”

நான் சரிவைக் கைகாட்டினேன். “அந்தா, அங்கிட்டு எங்கயோ தேயிலைக்குள்ள.” பல் டாக்டர் அந்த நேரம் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மெல்ல மூடியைப் போட்டு மூடிவிட்டார்.

அந்த அம்மா சரிவைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து மண்டையோட்டை என் கையில் கொடுத்தார், கைக்குழந்தையைக் கொடுப்பது மாதிரி. “மன்னிச்சுக்குங்க, உங்காளைக் கேக்காமத் தொட்டுட்டேன்” என்றார். நூற்றைம்பது வருஷத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து நம்மிடம் வந்த முதல் மன்னிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு அந்த அம்மா மானேஜரிடம், “சாவி இவர்கிட்டயே இருக்கட்டும். இந்த மலையில யார் எங்க படுத்திருக்காங்கன்னு தெரிஞ்ச ஒரே ஆள் இவர்தான்” என்றார். பூட்டனை மறுபடி கிடத்தி நானே முதல் பிடி மண் போட்டேன். உரலை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். காலிப் பெட்டியை வேனில் ஏற்றும்போது அந்த அம்மா பூட்டன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். புதுக் கல் வைக்கத் தன் செலவில் ஏற்பாடு செய்திருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை கல் தச்சர் வருகிறார். சாந்திப் பூசைக்கு நீங்களும் அக்காவும் கட்டாயம் வர வேண்டும். பூட்டனைத் தொந்தரவு செய்ததற்கு அக்கா என்னைத் திட்டுவாள், திட்டட்டும். நம் வம்சத்தின் பெயர் கல்லில் ஏறுகிறது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் மூட்டுவலி குறையவும், பிள்ளைகள் நல்லபடி இருக்கவும் மேல்கணக்கு மாரியம்மாளை வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் அன்பு மைத்துனன்,
புண்ணியமூர்த்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பவளாயி வந்தாள். எண்பத்தைந்து வயது, மேல்கணக்கிலேயே மூத்தவள். வாசலில் நின்றபடியே, “எங்க தாத்தா ஒரலு ஒன்கிட்ட இருக்காம்ல, குடு” என்றாள். எது உன் தாத்தா உரல் என்று அதட்டினேன். “அடியில ஈயம் வச்சு அடச்சிருக்கும், பாரு” என்றாள். கவிழ்த்துப் பார்த்தேன், அத்தான். அடைத்திருக்கிறது. ஐம்பத்தேழில் அவள் கொழுந்து எடுக்கிற பெண்ணாம், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாளாம். “ஒங்கப்பாரு குளிருக்குன்னு ஊத்திக்கிட்டு, இருட்டுல எடத்த மாத்தி நட்டுப்புட்டாரு. அது எங்க தாத்தா மாயன். தொரையோட மாட்ட மேச்சவரு. ஒங்க கங்காணியா? மண்ணு சரிஞ்சப்ப தொரையும் அவரும் ஒண்ணாத்தான் கீழ போனாக.” இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “வருசம் தப்பாம எங்க தாத்தனுக்குச் சாராயமும் சுருட்டும் வச்சுக் கும்புட்டீக. நான் ஏன் கெடுக்கணும்?” போகும்போது திரும்பி, கல்லில் மாயன் என்று போட்டால் மூன்றே எழுத்து, தச்சருக்கும் வேலை மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யோசித்துவிட்டு, மாயன் என்றே வெட்டச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை இரண்டாகவே கொடுத்துவிடுங்கள்.