பதினேழாம் எண்ணின் வாக்குமூலம்

அன்பு மகள் பாப்பாவுக்கு, கீழ் அறையிலிருந்து அப்பா எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருப்பதை இன்று காலை காபி டம்ளரை வாங்கும்போதே பார்த்துக்கொண்டேன், ஆகையால் அதைக் கேட்டு உன் நேரத்தை வீணாக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பாய். நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், அதனால்தான்.

நாலு வருஷமாக நீ பாடுபடும் அந்தப் பல் செட் ஆராய்ச்சியில், முப்பது பேரில் பதினேழாம் எண் யாரென்று உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் உங்கள் பல் மருத்துவக் கல்லூரியின் விதி. ஆள் சேர்ப்பது உன் கூட்டாளி, அந்த உயரமான டாக்டர். யாருக்கு நீ கண்டுபிடித்த புதுப் பொருளில் செய்த செட், யாருக்குப் பழைய மாதிரி செட் என்பது உறைக்குள் வைத்து ஒட்டிப் பேராசிரியர் பீரோவில் இருக்கிறது. உனக்கு வருவது எண்ணும், அவர் மென்று துப்பியதன் போட்டோவும் மட்டும். நல்ல ஏற்பாடுதான். அந்தப் பதினேழு நான்தான் அம்மா.

ஆறு மாதத்துக்கு முன்னால் நீ சாப்பிட உட்கார்ந்து, "பதினேழாம் ஆள் பாதியில நின்னுட்டார்ப்பா, பதில் ஆள் கிடைக்கலன்னா எல்லாம் தள்ளிப் போயிடும்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய் அல்லவா, மறுநாளே நான் போய் வரிசையில் நின்றேன். வாயில் ஒரு பல்கூட இல்லாதவர் வேண்டும் என்றால் அந்தத் தகுதி எனக்குப் பதினோரு வருஷமாக இருக்கிறது. ஆராய்ச்சி செய்பவரின் குடும்பத்தார் சேரக்கூடாது என்று படிவத்தில் ஒரு வரி இருந்ததாம்; கண்ணாடி கொண்டு போகாததால் படிக்கவில்லை, கொண்டு போயிருந்தாலும் படித்திருக்க மாட்டேன். செட்டும் கொடுத்தார்கள், பிடித்தது சனி. நீ பார்த்துவிடுவாயே என்று வீட்டில் என் சொந்தச் செட், தெருமுனை தாண்டியதும் அவர்கள் கொடுத்த செட், திரும்பும்போது பஸ்ஸில் கைக்குட்டைக்குள் மாற்றம். ஒரு நாள் பஸ் குலுங்கிய குலுங்கலில் அது முன்சீட்டு அம்மாளின் காய்கறிப் பைக்குள் விழுந்து, அவர் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை நிறுத்தி, நான் வாயைப் பொத்திக்கிட்டு "என்னுதுதாங்க"ன்னு சொன்னா ஒருத்தருக்கும் புரியல. நீகூட, "ஏம்ப்பா இப்பல்லாம் சிரிக்கவே மாட்டேங்கிறீங்க"ன்னு கேட்டே. வாயில எந்த செட் இருக்குன்னு ஞாபகம் இல்லாதவன் எப்படிம்மா சிரிப்பான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செட் எப்படி மெல்கிறது என்று சோதிக்க இரண்டு நிறச் சூயிங்கம்மை இருபது தடவை மென்று துப்ப வேண்டும், நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துக் கம்ப்யூட்டர் மார்க் போடும். நர்ஸம்மா, "நீங்களே எண்ணிக்குங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி எழுதுவார். நான் நாற்பது தடவை மென்றேன். மூன்று முறை போனேன், மூன்று முறையும் நாற்பது. கடை கடையாக ஏறி முப்பது வருஷம் தராசு சோதித்தவன், எடைக்கல்லில் குன்றிமணி குறைந்தாலும் வியாபாரியை நடுத்தெருவில் நிறுத்தியவன் செய்த வேலை இது.

உங்கள் துறை வராந்தாவில் சாதனையாளர் படங்கள் மாட்டிய பலகையில் கடைசிச் சட்டம் காலியாக இருக்கிறது. போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்றேன். எனக்குக் கிடைத்தது உன் புதுச் செட்தான் என்பதில் சந்தேகமே வரவில்லை, கண்ணாடியில் அப்படி மின்னியது. உனக்காகச் செய்வதாக நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், என் பெண் என்று நாலு பேரிடம் அந்தப் படத்தைக் காட்ட எனக்கிருந்த ஆசைதான் அது. இன்று காலை நீ, "நாளைக்கு உறையைப் பிரிக்கிறாங்கப்பா. தோத்தாலும் பரவாயில்ல, நான் அளந்தது சரியா இருந்தா போதும்" என்றாய். வெட்கமாக இருக்கிறது அம்மா. நாளைக்கு நீ ஜெயித்தால் அந்த வெற்றியில் என் திருட்டு கலந்திருக்கும். உறையைப் பிரிக்கும் முன் என்னை நீக்கச் சொல்லிவிடு, பேராசிரியர் கால்ல வேணா விழறேன்.

கை நடுங்காமல், கண் மங்காமல் நெடுங்காலம் நீ வேலை பார்க்க என் ஆசிகள். உயரமான டாக்டருக்கும், என்னை நம்பித் திரும்பிக்கொண்ட நர்ஸம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
அப்பா (எண் 17)

பி.கு.: மறுநாள் சாயங்காலம் எழுதுவது. கடிதத்தை நேற்றே உன் கதவடியில் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. இன்று நீ வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசமே இல்லையாம்ப்பா. பழைய மாதிரி செட் போட்ட ஒருத்தர் மட்டும் அசுரத்தனமா மென்னு தள்ளியிருக்கார். பதினேழு. அவராலதான் எல்லாம் சமமாயிடுச்சு" என்றாய். ஆக, உனக்குக் கள்ள வெற்றி வாங்கிக் கொடுத்ததாக மேலே நான் புலம்பியது அத்தனையும் தள்ளுபடி. நான் கொடுத்தது கள்ளத் தோல்வி. இதோ, கடிதத்தை உன் கையிலேயே கொடுக்கிறேன். நேற்று வராத துணிச்சல் இன்று வந்துவிட்டது, கொடுத்தால் உனக்கு லாபம் என்று தெரிந்துவிட்டது அல்லவா. நீ ஜெயித்து வந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று மட்டும் கேட்காதே அம்மா.