காலருக்குத் தைத்த சட்டை

கார்மண்ட்ஸில் வேலை செய்கிறவனுக்குத் தையல் தெரியும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

அப்போது பதுளைக்குப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு இரண்டு வருட அனுபவம். இரண்டு வருடமும் காலர் வேலை. கை வைக்க ஓர் ஆள், பை வைக்க ஓர் ஆள், பொத்தானுக்கு இன்னோர் ஆள். நான் பெரிய ஆண்களின் சட்டைக்குக் காலர் மட்டும் தைத்து அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவேன். அதற்குப் பிறகு அந்தச் சட்டை என்ன ஆகிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் எனக்குப் பெயர் ‘டெய்லர் தம்பி’. (மறுத்தேனா? இல்லை. கேட்க நன்றாக இருந்தது.)

என் அக்கா செல்வி விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு போன வீடு, பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கிற வீடு. லயத்துப் பெண் மருமகளாக வந்ததில் அவள் மாமியாருக்கு மனத்தாங்கல். திட்ட மாட்டார். எங்கள் வீட்டிலிருந்து எது போனாலும் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு “ம்ம்” என்பார், அவ்வளவுதான். அந்த “ம்ம்”மைக் கேட்டுக் கேட்டு அக்கா இளைத்தே போனாள்.

அவள் மகன் கவினுக்குப் பதினோராம் மாதம் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, தாய்மாமன் கொண்டுவந்த துணியைப் போட்டுத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான். துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கடையில் போய்த் துணி எடுப்பது? (அவர்கள் கடையிலேயே எடுத்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை.) அக்கா ஒரு ரோஷத்தில் மாமியாரிடம் எதையோ சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

“டேய், என் தம்பியே தச்சுக் கொண்டாருவான்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன்டா.”

“நானா?”

“பின்ன? நீ டெய்லர்தானே! என் மானம் உன் கையிலதான்டா இருக்கு.”

“அக்கா, எனக்குக் காலர் மட்டும்தான் தெரியும்” என்று அந்த இடத்தில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான் பெரிய மனிதன் மாதிரி, “சரிக்கா, அளவச் சொல்லு” என்றேன்.

“உன் சட்டையில பாதி வச்சுக்கயேன். சரியா இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு ராணி அக்காவின் மெஷினில் உட்கார்ந்தேன். என் பழைய சட்டை ஒன்றைப் பிரித்துச் செய்தித்தாள் மேல் பரப்பி, கோடு போட்டு, நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்து வெட்டினேன். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து, எல்லாம் பாதி. காலருக்கு மட்டும் பேப்பர் வெட்டவில்லை. காலர் தைக்க எனக்கு எதற்குப் பேப்பர்? கை தானாகப் போயிற்று. உள்ளே விறைப்புத் துணி வைத்து, முனை கூராக நிற்கத் தைத்துத் திருப்பினேன். அப்படி ஒரு காலரை நான் தொழிற்சாலையில்கூடத் தைத்ததில்லை.

சட்டையில் வைத்துப் பார்த்தால், காலர் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது.

என் கை தனக்குத் தெரிந்த ஒரே அளவில், வளர்ந்த ஆம்பளைக்குத் தைத்து வைத்திருந்தது. பிரித்துச் சிறிதாக்கலாம்தான். மனம் வரவில்லை, அவ்வளவு அழகு! அதனால் சட்டையின் கழுத்தை வெட்டினேன். இன்னும் கொஞ்சம் வெட்டினேன். இன்னும் கொஞ்சம். ஊரெல்லாம் சட்டைக்குக் காலர் வைப்பார்கள், நான் காலருக்குச் சட்டை வைத்தேன்.

“தோள்பட்ட எங்க தம்பி?” என்று ராணி அக்கா கேட்டார்.

“இப்ப இதாங்க்கா பேஷன்.”

பிறகு தொழிற்சாலையில் பார்த்திருந்தபடி உள்ளே அட்டை வைத்து மடித்து, பொலித்தீன் பையில் போட்டேன். மடித்தால் காலர் மட்டும்தான் வெளியே தெரியும். (எனக்கே அது நல்ல சட்டையாகத் தெரிந்தது.)

காது குத்தன்று கோயில் பந்தலில், தாம்பாளத்தில் இருந்த சட்டையை மாமியார் பைக்கு மேலேயே இரண்டு விரலால் தடவினார். நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். “ம்ம்” வரவில்லை.

“நம்ம கடைக்கு வர்ற சட்டையில கூட இப்படி ஒரு காலர் இல்லயே!” என்றார்.

அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

மொட்டை போட்டு, குளிப்பாட்டி, சட்டையை மாட்டி, கவினை என் மடியில் உட்காரவைத்தார்கள். பதினொரு மாதக் குழந்தைக்குக் கழுத்து என்று ஒன்று கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் உட்கார்ந்ததும் காலர் மேலே ஏறி, கன்னத்தை மூடி, காதையும் மூடி விறைப்பாக நின்றது. சந்தைக்கு வந்த முட்டைக்கோவா மாதிரி, இரண்டு வெளியிலைகளுக்கு நடுவே உருண்டையாக ஒரு மொட்டைத் தலை.

ஊசியோடு குனிந்த ஆசாரி இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

“காதக் காணோமேங்க?” என்றார்.

காலரைக் கீழே இழுத்தேன். சட்டை மொத்தமாக இறங்கி, குழந்தையின் ஒரு கை கழுத்து வழியாக வெளியே வந்தது. மேலே ஏற்றினேன், காது போய்விட்டது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. கவினும் கைகொட்டிச் சிரித்தான். சிரிக்காதவர்கள் மூன்றே பேர்: நான், அக்கா, அவள் மாமியார்.

அக்காவின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. முட்டாள்தனம் என்னுடையது, தலைகுனிவு அவளுக்கு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கும்.

“தம்பி, கார்மண்ட்ஸ்ல நீங்க என்னதான் தைக்கிறீங்க?” என்று மாமியார் கேட்டார்.

“காலருங்க.”

“வேற?”

“காலர் மட்டுந்தாங்க.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “காலர் நல்லாத்தானே இருக்கு, அத்த?” என்றாள். அவ்வளவு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை, என் அக்கா.

மாமியார் அவளைப் பார்த்தார். காலரைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்காமல், அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். யாரோ சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.

“கழட்டாதீங்க! தாய்மாமன் துணி. நாங்க புடிச்சுக்கிறோம்” என்று மாமியார் தடுத்தார்.

ஒரு பக்கக் காலரை மாமியார் மடக்கிப் பிடித்தார், மறுபக்கத்தை மருமகள் பிடித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். ஆசாரி காதைக் குத்தினார்.

அதோடு அந்த “ம்ம்” நின்றது. வாரம் தவறாமல் என் அம்மாவுக்கு மாமியாரிடமிருந்து போன் வந்தது. எனக்கும் அவர் அத்தையாகிவிட்டார். ஆனால் இரண்டு குடும்பத்திலும் யார் ‘எனக்கு இது தெரியும்’ என்று வாய் திறந்தாலும் ஒரு கேள்வி தயாராக இருந்தது: “முழுசாவா, காலர் மட்டுமா?” மச்சான் கார் ஓட்டப் பழகியபோது கேட்டார்கள். கவின் இப்போது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் கேட்கிறார்கள்.

எனக்கு நமுனுகுலப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது அத்தையும் வந்திருந்தார். “சமைக்கத் தெரியுமாம்மா? முழுசாவா, காலர் மட்டுமா?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். பெண் விழித்தாள். உடனே அத்தை முழுக் கதையையும், காலர் ஏறியது இறங்கியது உட்பட, நடித்தே காட்டிவிட்டார். நான் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

“சமையல் முழுசாவே தெரியுங்க” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “கல்யாணச் சட்டைய மட்டும் கடையில எடுத்துருவோம்” என்றாள்.