செம்பாக்கம் கிளையின் ஒரே உறுப்பினர்

ஓர் அமைப்பு என்று இருந்தால் அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நிர்வாகிகள் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே உறுப்பினர்கள் இருப்பார்கள். இது உலக நடைமுறை. பிரளய நாயகன் அதிரூபன் ரசிகர் நற்பணி மன்றத்தின் செம்பாக்கம் கிளையும் இந்த நடைமுறையை இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்து வந்தது. அங்கே நிர்வாகிகள் முப்பத்தேழு பேர். உறுப்பினர் ஒருவர். அவர் பெயர் சிட்டிபாபு.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கிளை தொடங்கியபோது எல்லோரும் உறுப்பினராகத்தான் சேர்ந்தார்கள். அப்புறம் ஒருத்தர் கோபித்துக்கொண்டு எதிரி நடிகரின் மன்றத்துக்குப் போகப் பார்த்தார். துணைச் செயலாளர் பதவி கொடுத்துத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். அதைப் பார்த்து இன்னொருத்தருக்குக் கோபம் வந்தது. அவர் இணைச் செயலாளர் ஆனார். கோபம் பெருகப் பெருகப் பதவியும் பெருகியது. பட்டாசு ஒருங்கிணைப்பாளர், விசில் அணிச் செயலாளர், அவருக்கு ஒரு துணை என்று வரிசையாக வந்தார்கள். கட்-அவுட்டுக்கு மாலை போடும்போது ஏணி பிடிப்பவருக்கும் கோபம் வந்தது. ஏணி பிடிப்பவர் என்று லெட்டர்பேடில் போட முடியாது என்பதால் அவர் உயர்நிலை ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

கோபமே வராத ஜென்மம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. சிட்டிபாபுவுக்கு ஏசி ரிப்பேர் தொழில். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் நின்று அடுத்தவன் படுக்கையறையைக் குளிர வைப்பான். அதிரூபன் என்றால் உயிர். பதவி, லெட்டர்பேடு என்கிற சமாச்சாரமெல்லாம் அவன் மண்டையில் ஏறியதே இல்லை.

அவனுக்கு ஒரு சலுகையும் இருந்தது. புதுப்படம் வெளியாகும் அன்று காலை ஒன்பது மணி ரசிகர் காட்சியைக் கிளையே மொத்தமாக எடுத்துக்கொள்ளும். நிர்வாகிகள் அத்தனை பேருக்கும் தியேட்டர் வாசலில் பணி இருக்கும். பணி நேரத்தில் படம் பார்க்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி பதினொன்று. ஆகவே உள்ளே போய்ப் படம் பார்ப்பது உறுப்பினரின் பொறுப்பு. சிட்டிபாபு நானூறு நாற்காலிக்கு நடுவில் ஒத்தை ஆளாக உட்கார்ந்து விசிலடிப்பான். பேப்பரைக் கிழித்து மேலே வீசுவான். அது அவன் தலையிலேயே விழும். பாட்டுக்கு எழுந்து ஆடுவான், சோகக் காட்சியில் அழுவான். வெளியே வந்ததும் முப்பத்தேழு பேரும் அவனைச் சுற்றி நின்று கதை கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் படம் பார்த்ததாகச் சொல்வார்கள். சிட்டிபாபுவைவிடச் சந்தோஷமான மனிதன் தாம்பரம் வட்டாரத்தில் அன்றைக்கு இருக்க மாட்டான்.

இந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தது அதிரூபனின் பிறந்தநாள் பேனர். கேம்ப் ரோட்டில் அதன் எதிரே சிட்டிபாபுவின் மனைவி தீபா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் சம்பத் பள்ளிக்கரணைக் கிளையில் கொள்கை பரப்புத் துணைச் செயலாளர். அங்கே அவர் முகம் பூசணிக்காய் சைஸில் சிரித்துக்கொண்டிருக்கிறது. இங்கே தையல்காரர் இருந்தார், பரோட்டா மாஸ்டர் இருந்தார், போன வருஷம் காலமான பொருளாளர்கூட இருந்தார். கட்டின புருஷனைக் காணவில்லை.

"உன் மூஞ்சி எங்கய்யா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"எனுக்குப் பதவி இல்ல தீபா. நான் மெம்பரு."

"செத்துப்போன மன்சன் மூஞ்சி கீது, உயிரோட கீற உன் மூஞ்சி இல்ல. பதினாறு வருசமா அங்க போயி இன்னாதான் பண்ணிகினு கீற?"

படம் பார்க்கிறேன் என்று சிட்டிபாபு உண்மையைச் சொன்னான். படம் பார்ப்பதற்கு எதற்கு மன்றம் என்று அவள் கேட்டாள். அடுத்த படத்தின் பேனரில் அவன் முகம் வரவில்லை என்றால், அதிரூபன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றும், ஃபிரிட்ஜ் மேலே ஒட்டியிருக்கிற படத்தைத் தானே கிழித்துப் போடுவேன் என்றும் தீபா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பொம்பளை. சிட்டிபாபுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளே அவன் கிளைச் செயலாளர் பிரிட்டோவிடம் போனான். பிரிட்டோ ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே செய்யாத வேலையையெல்லாம் மன்றத்தில் செய்து தீர்ப்பவர். வாயால் சொன்னால் ஏற்க முடியாது, மனுவாக மூன்று பிரதி வேண்டும் என்றார். சிட்டிபாபு எழுதிக் கொடுத்தான். எதிரெதிரே உட்கார்ந்திருந்த போதும், பதில் நான்கு நாள் கழித்துத் தபாலில்தான் வந்தது.

"மேற்படி மனு கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. விதி மூன்றின்படி நிர்வாகிகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் உறுப்பினர்கள் ஆவர். மனுதாரர் நிர்வாகியாகும் பட்சத்தில், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க ஒருவரும் இலர் என்ற விரும்பத்தகாத நிலை ஏற்படும். எனவே பொதுநலன் கருதி மனு நிராகரிக்கப்படுகிறது."

வருஷா வருஷம் தான் ஒருவனே ஓட்டுப் போட்டு முப்பத்தேழு பேரையும் போட்டியின்றித் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறோம் என்பது சிட்டிபாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலைவர் பக்தவச்சலத்திடம் ஓடினான். ஏரியை ஒட்டி நெல் விளைந்த நிலத்தில் இப்போது ஃபிளாட் விளைவித்திருக்கிற பெரிய மனிதர் அவர். தோளில் கை போட்டு, "நாங்க எல்லாம் இன்னா சிட்டி, இன்னிக்கு வருவோம், நாளிக்குப் போவோம். உன்ன நம்பித்தான் கிளையே கீது" என்றார். சிட்டிபாபு நெகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தான். தீபா நெகிழவில்லை.

தனக்குப் பதிலாக இன்னொரு உறுப்பினரைப் பிடித்துக் கொடுத்தால் ஆச்சு என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. விண்ணப்பப் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செம்பாக்கத்தில் வீடு வீடாக ஏறினான். ஏசி ரிப்பேருக்குப் போன இடத்திலெல்லாம் கேட்டான். எல்லோரும் சேரத் தயார். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, இன்னா போஸ்டு என்பதுதான். போஸ்டு இல்லை, சும்மா மெம்பர்தான் என்றதும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் இவன் ஏதோ ஏமாற்ற வந்திருக்கிறான் என்று ஆதார் அட்டையைக் கேட்டார்கள்.

இப்படி அலைந்துகொண்டிருக்கும்போது தலைமை மன்றத்திலிருந்து ஆய்வு வந்தது. மாவட்ட மேலாய்வாளர் கனகவல்லி அம்மையார் பெரிய பதிவேட்டோடு பக்தவச்சலம் வீட்டு கார் ஷெட்டில் வந்து உட்கார்ந்தார். அதுதான் கிளை அலுவலகம்.

"உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நிற்கவும்" என்றார்.

சிட்டிபாபு எழுந்து நின்றான்.

"அமைதி. அமைதி. அனைவரும் அமரலாம்."

சிட்டிபாபு உட்கார்ந்தான். அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, 'உறுப்பினர் நல்ல நிலையில் உள்ளார்' என்று பதிவேட்டில் எழுதினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம் வரைக்கும் எட்டுக் கிளைகள். நிர்வாகிகள் இருநூற்றுத் தொண்ணூறு பேர். உறுப்பினர் என்று உயிரோடு இருப்பது சிட்டிபாபு ஒருவன்தான். மற்ற ஏழு கிளைகளையும் கலைத்துவிடலாமா என்று கேட்டார்கள். கலைத்தால் இருநூற்றைம்பது பேருக்குப் பதவி போய்விடும் என்பதால், உறுப்பினரை அயற்பணியில் அனுப்புவது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை பள்ளிக்கரணை, செவ்வாய் மேடவாக்கம், புதன் பெரும்பாக்கம் என்று சிட்டிபாபு கிளை கிளையாகப் போய், கூட்டம் தொடங்கும்போது எழுந்து நின்று, சொன்னதும் உட்கார்ந்தான். உறுப்பினர் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது, ரோட்டுக் கடையில் பானிபூரி சாப்பிடக் கூடாது, மொட்டை மாடியில் ஓரமாக நிற்கக் கூடாது என்று பிரிட்டோ சுற்றறிக்கை விட்டார். ஏசிக்காரன் ஓரமாக நிற்காமல் எங்கே நிற்பது என்று யாரும் யோசிக்கவில்லை. பள்ளிக்கரணையில் மச்சான் சம்பத் மேடையில் உட்கார்ந்துகொண்டு, "மெம்பரு எந்திரிங்க" என்றார். சிட்டிபாபு எழுந்தான். அந்தச் செய்தி அவன் வீடு போய்ச் சேருவதற்குள் தீபாவுக்குப் போய்விட்டது. ஃபிரிட்ஜ் மேலே இருந்த படத்தின் ஒரு மூலை மட்டும் பிய்ந்திருந்தது.

இந்தச் சமயத்தில் அதிரூபனே வந்தார். புதுப்படத்துக்கு முன்னோட்டமாகக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர் சந்திப்பு. எளிய ரசிகர் ஒருவரை மேடையேற்றி அதிரூபன் கட்டிப்பிடிப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. எளிய ரசிகர் யார் என்பதில் போட்டியே இல்லை. சிட்டிபாபு மேடையேறினான். அதிரூபன் அவனைக் கட்டிப்பிடித்து, மைக்கை வாங்கி, தொண்டை கரகரக்கச் சொன்னார்.

"பட்டம் எதுக்கு, பதவி எதுக்கு? இந்தத் தம்பி மாதிரி ஒரு சாதாரண உறுப்பினரா இருக்கணும். அதுதாங்க என் வாழ்நாள் ஆசை."

மண்டபம் அதிர்ந்தது. முப்பத்தேழு பேரும் கைதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். இதையெல்லாம் யாரும் நிஜமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதிரூபன் சொன்ன எந்த வார்த்தையையும் சிட்டிபாபு இதுவரை நம்பாமல் இருந்ததில்லை. சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து தலைவா" என்றான். ஆட்டோகிராஃப் என்று நினைத்து அவரும் சரக்கென்று போட்டுக் கொடுத்தார்.

பிரிட்டோ அந்தப் படிவத்தை மூன்று நாள் ஆராய்ந்தார். பெயர், கையெழுத்து, சாட்சி, எல்லாம் செல்லும். அதிரூபன் இனிமேல் செம்பாக்கம் கிளையின் உறுப்பினர். அதுவரை அவர் மன்றத்தின் நிரந்தர கௌரவத் தலைவர். ஒருவர் இரண்டு பொறுப்பில் இருக்கக் கூடாது என்பது விதி எட்டு. எனவே அந்தப் பதவியிலிருந்து அவர் முறைப்படி விடுவிக்கப்பட்டார். சிட்டிபாபு கதவு மேற்பார்வைச் செயலாளர் ஆனான். முப்பத்தெட்டாவது நிர்வாகி.

புதுப்படத்துக்குப் பேனர் தயாரானது. நிர்வாகிகளின் படம் மட்டுமே பேனரில் வரலாம், உறுப்பினர் படம் வரக் கூடாது என்பது விதி பத்து. பதினாறு வருஷமாக சிட்டிபாபுவை வெளியே நிறுத்தி வைத்த விதி அது. அதிரூபனுக்காக அதை வளைத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று பிரிட்டோ சொல்லிவிட்டார். ஃபிளெக்ஸ் அடிப்பவர் இரண்டு தடவை போன் போட்டு, நடிகர் படம் வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம், இடமும் இல்லை என்று பதில் போயிற்று.

தாம்பரம் தியேட்டர் வளாகத்தில், காலமானவரையும் சேர்த்து முப்பத்தொன்பது முகங்களோடு பேனர் நிமிர்ந்தது. எதுவோ குறைகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தேடிப் பார்த்துத் திருப்தியானார். பால் அபிஷேகமும் நடந்தது. அவரவர் ஏணியில் ஏறி, அவரவர் முகத்தின் மேல் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றினார்கள். தீபா வந்து பார்த்தாள். கடைசி வரிசையில், காலமான பொருளாளருக்குப் பக்கத்தில் புருஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டு, அண்ணன் சம்பத்துக்குத் தனியாகவும் அனுப்பினாள். "இப்பதான்யா நீ ஒரு ஆளு" என்றாள். சிட்டிபாபுவுக்கு உச்சி குளிர்ந்தது.

மணி ஒன்பதாயிற்று. உறுப்பினருக்கான பாஸ் அதிரூபனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டிருந்தது. உறுப்பினர் வரவில்லை. பிரிட்டோ பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டார். யாருமே இல்லையே, படத்தைப் போடட்டுமா என்று ஆபரேட்டர் வந்து கேட்டார். ரசிகர் காட்சி நடந்தே தீர வேண்டும் என்றார் பிரிட்டோ. படம் ஓடத் தொடங்கியது.

சிட்டிபாபு கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றான். அறிமுகப் பாட்டு கேட்டது. கால் தானாகத் தாளம் போட்டது. பாட்டு முடிந்தது, உள்ளே ஒரு விசில் இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. நானூறு நாற்காலியும் காலியாகக் கிடக்க, தலைவர் அங்கே திரையில் யாருக்காகவோ தனியாக ஆடிக்கொண்டிருந்தார். சிட்டிபாபு கதவில் காதை வைத்துக் கேட்டான். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"அண்ணா, ஒரே ஒரு அஞ்சு நிமிசம் உள்ள போய்ட்டு வந்துட்றேன்" என்றான்.

பிரிட்டோ நிமிர்ந்து பார்க்காமலே, "போகலாம். ராஜினாமாக் கடிதம் மூணு பிரதி குடுத்துட்டுப் போங்க" என்றார்.

கதவின் கைப்பிடியில் வைத்த கை அப்படியே நின்றது. வளாகத்தில் தீபா இன்னும் தோழிகளுக்குப் பேனரைக் காட்டிக்கொண்டிருந்தாள். சிட்டிபாபு கையை எடுத்துக்கொண்டான். இடைவேளை வந்து போயிற்று, சண்டைக் காட்சி வந்து போயிற்று, அவன் இரண்டரை மணி நேரமும் அங்கேயே நின்று கதவைப் பார்த்துக்கொண்டான்.

படம் விட்டது. கதவைத் திறந்து பிடித்தான். யாரும் வரவில்லை. மைக்கோடு காத்திருந்த யூடியூப்காரர்கள் பாய்ந்து வந்து, கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரே ஆளைப் பிடித்து, படம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். முப்பத்தேழு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். சிட்டிபாபு கழுத்து அட்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இன்டர்வெல் சீனு வேற லெவல்" என்றான்.

அதையே பதவி வரிசைப்படி மற்றவர்களும் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் அந்த வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இடைவேளைக் காட்சி அப்படியொன்றும் பிரமாதமில்லை என்று ஒருத்தர் எழுதினார். உனக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும் என்று இன்னொருத்தர் எழுதினார். படித்தவர்கள், டாக்டர்கள், ரிட்டயரான தலைமையாசிரியர்கள் எல்லோரும் இறங்கி, அந்தக் காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்துச் சண்டை போட்டார்கள். ரசிகர் காட்சியைத் தவிர வேறு காட்சி அதுவரை எங்கேயும் ஆரம்பித்திருக்கவில்லை.

சாயங்காலம் சிட்டிபாபு ஏசி ரிப்பேருக்குப் போன வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, அந்தச் சண்டையை ஒன்று விடாமல் படித்தான். படம் எப்படி இருந்தது என்று அவனுக்கும் ஓரளவு தெரியவந்தது.