சோடியம் குறைந்த கையெழுத்து

கோடை வெயிலில் ஊழியர்கள் வாடிவிடக் கூடாது என்ற பெருங்கருணையோடு, நெல்லை நீர்நல மேம்பாட்டு அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் அருந்தி, பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். உப்பு இப்போது நாகரிகமில்லை என்பதால், கேன்டீன் சாம்பாரிலிருந்து அது அறவே நீக்கப்பட்டது. உள்ளே போகும் தண்ணீருக்குப் பதிவேடு வந்தது. வெளியே போக வேண்டிய தண்ணீருக்கு ஆணை எதுவும் வரவில்லை.

எழுத்தர் ஹெப்ரான் ஆணைக்கு அடங்கிய மனிதர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு மனுவைக்கூடக் குறை கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. மேலப்பாளையம் ஆசியா உம்மாள் தன் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுக் கொடுத்த மனு, அவர் மேஜையில் எட்டு வருஷமாகக் கிடந்தது. முதலில் தெருவின் வரைபடம் இல்லை என்றார். வரைபடம் வந்ததும், அதில் குழாயைக் காணோமே என்று திருப்பி அனுப்பினார்.

மேலாளர் சிவசண்முகத்துக்கோ தண்ணீர் குடிப்பதில் மாவட்டத்திலேயே முதலிடம் பிடிக்க ஆசை.

"என்ன வே ஹெப்ரான், மணி பதினொண்ணு ஆச்சு, மூணு லிட்டர்லயே நிக்கீரு?"

"வயிறு முட்டுது சார். தலை வேற வலிக்கு."

"தலைவலின்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். இன்னும் குடியும்."

குடித்தார். பன்னிரண்டரைக்குள் ஏழு லிட்டர் ஆனது. சுவர் மெல்ல ஆடியது. அந்த நேரம் பார்த்து ஆசியா உம்மாள் வந்து நின்றார்.

"சார், எங்க தெருக் குழாய்..."

"தண்ணி இல்லாம எப்படிம்மா இருக்கீக?" என்றார் ஹெப்ரான்.

அந்தக் கேள்வியை அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதே இல்லை. ஃபைலை உருவி, 'இணைப்பு கொடுக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரீபா எரிந்து விழுந்தார். "ரத்தத்துல சோடியம் நூத்து முப்பத்தஞ்சாவது இருக்கணும். இவருக்கு நூத்துப் பதினெட்டு! உப்பே இல்லாமத் தண்ணியை மட்டும் கொட்டினா கிட்னி எவ்வளவுதான் வெளியேத்தும்? மூளை வீங்கியிருக்கு. கொஞ்சம் பிந்தியிருந்தா உசுரு போயிருக்கும். எப்ப இருந்து குழப்பமாப் பேசுதாரு?"

சிவசண்முகம் யோசித்தார். "பேச்சை வச்சுக் கண்டுபிடிக்க முடியலை டாக்டர். திடீர்னு ஒரு ஃபைலைப் பாஸ் பண்ணிட்டாரு. அப்பதான் எங்களுக்குப் பகீர்னு ஆச்சு."

உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறியது. ஆறாம் நாள் ஹெப்ரான் வேலைக்குத் திரும்பினார். சோடியம் நூற்று முப்பத்தெட்டு, புத்தி தெளிவு. முதல் வேலையாக, 'சோடியம் குறைந்த நிலையில் இடப்பட்ட ஒப்புதல் செல்லாது' என்று தன் கைப்படவே எழுதி, ஆசியா உம்மாளின் ஃபைலை ரத்து செய்தார்.

"அன்னைக்கு நல்லாத்தானே சார் எழுதிக் கொடுத்தீக?"

"அப்ப எனக்குச் சுகமில்லைம்மா. உடம்புல தண்ணி கூடிப் போச்சு."

ஆசியா உம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை ஒரு குடத்தோடு வந்தார். அவர் பின்னால் மனுவும் கையுமாக வரிசையில் நின்ற அத்தனை பேர் இடுப்பிலும் குடம். சிவசண்முகம் எட்டிப் பார்த்துவிட்டு, குடங்களைப் பதிய ஒரு புதுப் பதிவேடு எடுத்து வரச் சொன்னார்.

"பைய குடிங்க சார், ஏழு லிட்டருக்குக் குறையாது. மூணு தெரு தள்ளிப் போய் பிடிச்சுச் சுமந்துட்டு வாரேன்" என்று குடத்தை மேஜையில் இறக்கினார் ஆசியா உம்மாள்.

ஹெப்ரான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதீக சார்," என்று சேலைத் தலைப்பு முடிச்சைத் தொட்டுக் காட்டினார். "கையெழுத்துப் போட்டதும் தாரதுக்கு உப்பும் கொண்டாந்திருக்கேன்."