தார்ப்புகையின் இரண்டாவது வரைபடம்

அன்புள்ள மச்சான் கிருஷ்ணப்பனுக்கு,

இதுவரை வாய்மூடி இருந்தது போதும் என்று எழுதுகிறேன். இங்கே உங்கள் அக்கா நிர்மலாதேவி முதல் கறவை மாடு வரை அனைவரும் சுகம். அங்கும் அவ்வாறே இருக்கும். இல்லாவிட்டாலும் நீங்கள் எனக்கு எழுதப்போவதில்லை. உங்கள் புதுமனைப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி. போடாமல் விட்டதை நான் மறந்துவிட்டேன். அதைச் சொல்ல வரவில்லை.

தார்க்கலவை ஆலை விஷயம்தான். பாலக்கோடு ரோட்டில் ஆலைக்கு மேற்கே என் வீடு, கிழக்கே உங்கள் வீடு. புகை எங்கெல்லாம் பரவும் என்று கணினியில் கணக்குப் போட்டு, அதிகம் படியும் இடத்துக்குச் சிவப்பு அடித்து, ஆலைக்காரர்கள் ஊர்க்கூட்டத்தில் வரைபடம் காட்டினார்கள். சிவப்பு அதிகம் விழும் வீட்டுப் பிள்ளைக்கு, புகைக்கு ஈடாக ஆலையில் வேலை என்றார்கள். சிவப்பு சரியாக என் கூரைமேல் விழுந்திருந்தது. மகன் ரஞ்சித்குமாருக்கு வேலை கிடைத்த மாதிரிதான் என்று உங்கள் அக்கா கேசரிக்கு ரவையே வறுத்துவிட்டாள். நானோ வரைபடத்தை உற்றுப் பார்த்தேன். ஆடியில் அளந்த காற்று, மேற்கிலிருந்து வருவது. அதை மேற்கே போவதாக எடுத்துக்கொண்டு, புகையைக் காற்றுக்கு எதிராக நடக்க விட்டிருந்தார்கள். கழித்தல் குறி பிசகினாலே பிள்ளைகள் காதைத் திருகியவன் நான், எழுந்துவிட்டேன். ரஞ்சித் வேட்டியைப் பிடித்து இழுத்து, "உக்காருங்கப்பா, பொகை நம்ம வூட்டுக்கே வந்துட்டுப் போவட்டுங்க" என்றான். உட்காரவில்லை. கணக்குப் போட்ட பொறியாளர் பாரதி மடிக்கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார் சொல்றது கரெக்டுங்க" என்றார். ஜனம் கைதட்டியது. மறுவாரமே இரண்டாவது வரைபடம் வந்தது. சிவப்பு உங்கள் கூரைக்குப் போனது, வேலை உங்கள் மகன் சிவக்குமாருக்குப் போனது, கேசரி மட்டும் எங்கள் வீட்டில் ஆறிக் கிடந்தது. அன்றிலிருந்து ரஞ்சித் என்னோடு பேசுவதில்லை. நான் சாப்பிட்டேனா என்பதைக்கூட அம்மாவிடம்தான் கேட்கிறான்.

நீங்கள் நன்றி சொல்லவில்லை, போகட்டும். தக்காளி மண்டியில் நாலு பேர் கேட்க, "எங்க மாமன் படிச்ச படிப்பு எங்க வூட்டுக்குத்தாங்க சோறு போடுது" என்று சிரித்தீர்களாம். சிவக்குமார் வேலையை விட வேண்டாம். என் கணக்கு சரி என்று அதே மண்டியில், அதே நாலு பேர் கேட்க, சிரிக்காமல் சொல்லுங்கள். அது போதும்.

தங்கள் குடும்பத்தார் அனைவரும் நெடுங்காலம் மூச்சுவிட்டு வாழ என் ஆசிகள்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜன்னல் வழியே தார்ப்புகை வந்துவிட்டது. ஐப்பசி பிறந்து காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. ஆடிக்காற்றை வைத்து வருடம் முழுவதற்கும் போட்ட கணக்கில், திசையை மட்டும் திருத்திவிட்டு நானும் உட்கார்ந்திருக்கிறேன். ரஞ்சித் இன்றுதான் என்னிடம் நேராகப் பேசினான். "எந்திரிச்சு நின்னு பொகைகிட்டச் சொல்லுங்கப்பா, கெழக்கால போகச் சொல்லி."

ஆகவே, மேலே என் கணக்கு சரி என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கவும். அதை விட்டால் கடிதத்தில் வேறொன்றும் மிஞ்சாது, தெரியும், கிழிக்க மனமில்லை. ஆனால் என் பிழைக்கு என் கையெழுத்தோடு உங்கள் வீட்டில் அத்தாட்சி இருக்கக் கூடாது. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். யார் எழுதியது என்று உங்கள் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டாம்.