எந்தோர்ச் சூனியக்காரியின் முகம்

"ஐயையோ, டார்கஸ்! இது உங்க அம்மா!"

லண்டனில், சோஹோவில், ரொட்டிக்கடைக்கு மேலிருந்த வாடகை அறையில் நத்தானியல் குரூம் தன் மைச்சித்திரத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அலறினான்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள் மனைவி, உருளைக்கிழங்கு உரித்தபடியே.

பத்து நாளாக வரைந்த பைபிள் படம். மறுநாள் போரில் சாகப்போகிற சவுல் ராஜா தரையில் விழுந்து கிடக்கிறான். செத்துப்போன சாமுவேல் தீர்க்கதரிசி புகை மாதிரி எழும்பி நிற்கிறார். அவரை எழுப்பியவளும், அன்று ராத்திரியே சவுலுக்குக் கன்றடித்துச் சோறு போட்டவளுமான எந்தோர் ஊர்ச் சூனியக்காரி நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். இடுங்கின கண், முன்தள்ளிய தாடை, உதட்டோரம் ஒரு மரு. சாட்சாத் மாமியார் திருமதி டல்!

"நல்லாத்தானே இருக்கு, விடுங்களேன்."

"விடுறதா? கல்யாணத்திலேர்ந்து நம்ம வாசப்படி மிதிக்காதவங்க இன்னிக்குத்தான் முதல்முதலா வர்றாங்க. 'வாங்க அத்தை, இதோ பாருங்க, நீங்கதான் சூனியக்காரி'ன்னு காட்டச் சொல்றியா?"

படம் கிறுக்குகிறவனுக்கா என் பெண் என்று ஒற்றைக்காலில் நின்றவள் திருமதி டல். பயங்கரமான முகம் ஒன்றை நினைத்தவுடன் அவன் கை தானாகவே அவளிடம் போய்விட்டது.

மையை அழிக்க வழியில்லை. பேனாக்கத்தியால் சுரண்டத்தான் வேண்டும். மருவைச் சுரண்டினான். தாடையைக் குறுக்கி, மூக்கை நீட்டினான்.

"இப்ப யாரு மாதிரி இருக்கு?"

"கிரிட்ச்லோ பாதிரியார் மாதிரி."

படம் வேண்டுமென்று கேட்டவரே அந்தப் பாதிரியார்தான். எடுத்துப்போக இன்றைக்குத்தான் வருகிறார்.

மூக்கைச் சுரண்டிவிட்டு, கன்னத்தைக் கொஞ்சம் உப்ப வைத்தான்.

டார்கஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நெடுநேரம் பார்த்தாள். "இந்தப் பொம்பளையை எங்கேயோ பார்த்திருக்கேன். கண்ணாடியிலன்னு நினைக்கிறேன்."

"வேணும்னே செய்வேனா டார்கஸ்? மூணு வருஷமா தினமும் பார்க்கிற மூஞ்சி, கையில ஊறிப்போச்சு!"

"அதையும் சூனியக்காரிக்கு வச்சீங்க பாருங்க."

மறுபடி சுரண்டினான். தாள் ஓட்டையாகிவிட்டது. பின்பக்கம் ஒட்டுப்போட்டு, பசை காயுமுன் அவசரமாகப் பேனாவை வைத்தான். மை சிலந்திக்கால் போல நாலாபக்கமும் ஓடியது.

"இப்ப யாரு?"

"யாருமே இல்லை."

"அப்பாடா!"

"மூஞ்சியே இல்லைங்க."

அதற்குள் மாடிப்படி கிறீச்சிட்டது. நத்தானியல் பெரிய தூரிகையை மையில் முக்கினான். ஒரே இழுப்பில் முக்காடு, இன்னொரு இழுப்பில் முதுகு. சூனியக்காரி எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டாக நின்றாள்.

ஆட்டிறைச்சிப் பணியாரக் கூடையோடு திருமதி டல் உள்ளே வந்தாள். பின்னால் மூச்சிரைக்கப் பாதிரியார். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மூஞ்சியைக் காட்டாமலே முதுகெலும்பைச் சில்லிட வச்சுட்டியே தம்பி! எங்க பேராயர் இதைப் பார்க்கணும். அவருக்கும் ஒண்ணு வரையணும் நீ."

நத்தானியலுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமியார் கூடையைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். டார்கஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"பிடிக்கலையா அத்தை?" என்றான் நத்தானியல்.

திருமதி டல் கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"என் மூஞ்சி எங்க மாப்பிள்ளை? எல்லாரும் கைவிட்ட ராஜாவுக்குக் கடைசி ராத்திரியில கன்னுக்குட்டி அடிச்சுச் சோறு போட்ட மகராசி நான்தான்னு டார்கஸ் சொல்லியனுப்பினா. வண்டியில வந்த அத்தனை பேர்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டே வந்தேனே!"