எனக்குத் திறந்த மூலம் வந்த கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, உலகத்துக்கு ஏதாவது நல்லது செய்துவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பது என்று முடிவெடுத்தேன்.

உடனே கொப்பளிக்க வேண்டியதாகிவிட்டது. நுரை தொண்டைக்குள் இறங்கிவிட்டது. ஆனால் முடிவு முடிவுதான்.

கம்ப்யூட்டர் உலகத்தில் ஓபன் சோர்ஸ் என்று ஒன்று உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் புரோகிராம் எழுதி ஊருக்கே திறந்து வைத்துவிடுவார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். சம்பளம் கிடையாது. பேர் உண்டு. அந்தப் பேரைக் காட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைக்கும் என்று யூடியூபில் ஒருவர் மூச்சு விடாமல் சொன்னார். மூச்சு விடாமல் சொல்கிறவர் பொய் சொல்ல நேரம் ஏது?

வீட்டிலிருந்து வேலை எதற்கு என்றால், என் மனைவி சசிகலாவுக்காக. பாப்பா பிறந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கோரிக்கை.

"ஏங்க, நைட் ஷிப்டை மாத்திகினு வாங்களேன். ராத்திரியில தனியா இருக்க பயமா இருக்கு."

அவள் பயம் சாதாரண பயம் இல்லை. பல்லி கத்தினால் பயம். கத்தாவிட்டால், ஏன் கத்தவில்லை என்று பயம். எதிர்வீட்டு விசைத்தறி ஓடினால் தூக்கம் போகும்; நின்றால் உயிர் போகும். பாப்பா அசையாமல் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்குக்கு நேராக விரலை வைத்துப் பார்ப்பாள். அது முழித்து அலறும். "அப்பாடா" என்பாள். விடிகிற வரை இரண்டு பேரும் இப்படியே ஒருவரை ஒருவர் காவல் காப்பார்கள்.

செய்யாரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஷிப்ட் மாற்ற வேண்டுமென்றால் மேனேஜர் அன்பரசுவிடம் கேட்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தால் எனக்குத் தமிழ் மறந்துவிடும். இங்கிலீஷ் முதலிலேயே கிடையாது. பிறகு என்னத்தைக் கேட்பது? இன்னொரு காரணமும் உண்டு, உங்களோடு இருக்கட்டும். ராத்திரி ஸ்டோர்ஸில் மூட்டைகள்தான் இருக்கும். மூட்டைகள் அழுவதில்லை.

ஆகவே ஓபன் சோர்ஸ்.

"சசி, நான் ஒரு நூலகத்துக்குப் பங்களிக்கப் போறேன்."

பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி அக்கா பாப்பாவைக் கொஞ்ச வந்திருந்தார். வீட்டிலேயே பட்டுப்புடவை வைத்து விற்பவர். செய்யார் கம்பெனி ஆபீசர்களின் சம்சாரங்கள் எல்லாம் அவரிடம்தான் எடுப்பார்கள்.

"நூலா? கிலோ இன்னா வெலைக்கு எடுக்கற தம்பி?" என்றார்.

"அந்த நூல் இல்லக்கா. புரோகிராம் நூலகம்."

"அதுல சாயம் போவுமா?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சசிகலா கான்வென்ட்டில் படித்தவள். நான் "என்விராமெண்ட்" என்றால், நடுவில் விழுந்த ஒரு எழுத்தைப் பொறுக்கி எடுத்துத் துடைத்துக் கையில் கொடுப்பாள். அந்த அவமானத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் தமிழில் சொல்லிவிடுவது என் வழக்கம். என்விரான்மென்ட் என்றால் சூழல். ஓபன் என்றால் திறந்த. சோர்ஸ் என்றால் மூலம். அகராதியில் முதல் அர்த்தமே அதுதான். இரண்டாவது அர்த்தத்தையும் படித்திருக்க வேண்டும்.

"இது திறந்த மூலம் சசி!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

சசிகலா என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

"எத்தினி நாளாம்மா?" என்று அவள் காதில் கேட்டார்.

"இப்பதான்க்கா ஆரம்பிக்கறாரு" என்றாள் சசிகலா, சாதுவாக.

அடுத்து நிபந்தனைகளை அறிவித்தேன்.

"மொதல்ல சூழல் அமைக்கணும். புரோகிராம் ஓடறதுக்கு வேண்டிய சாமானை எல்லாம் லேப்டாப்ல ஏத்தணும். நான் வீட்டுல இருக்கற பகல்ல அமைதி வேணும். பாப்பா அழக்கூடாது. கடைக்கு அனுப்பக்கூடாது. நடுவுல கூப்பிடக்கூடாது."

"சாப்பிட?"

"அதுக்குக் கூப்பிடலாம்."

"ஷிப்ட் மாத்தறத கேக்கறேன்னீங்களே?"

"இது முடிஞ்சா ஷிப்டே கெடையாது சசி! வீட்டுலயே வேலை!"

"முடியலைன்னா?"

"முடியும்."

"சரிங்க" என்றாள். என் மனைவி உடனே "சரிங்க" என்றால் நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

நூலகம் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்துகிற புரோகிராம் தொகுப்பு. நான் பிடித்தது தமிழ் எழுத்துகளை எண்ணுவது. அதில் ஒரு கோளாறு. கொசுவுக்கு எத்தனை எழுத்து? இரண்டு. இது ஐந்து என்றது. 'கொ'வில் இருக்கிற கொம்பைத் தனியாக எண்ணுகிறது. காலைத் தனியாக எண்ணுகிறது. கொம்பு, கால் என்று எண்ண அது என்ன மாடா? கொசு ஐயா, கொசு!

புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்ற சுலபமான வேலை என்று அதற்குப் பக்கத்திலேயே சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதை மட்டும் சசிகலாவுக்கு இங்கிலீஷிலேயே படித்துக் காட்டினேன்.

"பாரு, குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ! இதைத்தான் கையில எடுக்கப் போறேன்."

"உங்க குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ தொட்டில்ல ஈரத்தோட கெடக்குது. மொதல்ல அதைக் கையில எடுங்க."

எடுத்தேன். அன்றைய சூழல் அதோடு கெட்டது.

மறுநாள் முதல் சாமானை ஏற்றினேன். இரண்டாவது வந்தால்தான் நான் வருவேன் என்றது. இரண்டாவதைக் கூப்பிட்டால், மூன்றாவதின் பழைய வெர்ஷன் இருந்தால்தான் உள்ளே கால் வைப்பேன் என்றது. மூன்றாவதோ, பழசெல்லாம் பேசாதே, நான் இப்போது புதுசு என்றது. சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்த மாதிரி இருந்தது. இவர் வந்தால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் சாப்பாடு போடமாட்டார்கள்.

எல்லாரையும் காலில் விழுந்து கூட்டி வந்து ஒருவழியாக ஓடவிட்டேன். திரை முழுக்கத் தப்பு, தப்பு என்று சிவப்பு எழுத்து. ஆரணிப் பட்டில் கூட அவ்வளவு அகலமாகப் பார்டர் போடமாட்டார்கள்.

அழித்தேன். மறுபடி ஏற்றினேன். சிவப்பு. லேப்டாப்பை அணைத்து ஏற்றினேன். சிவப்பு. திருநீறு வைத்து ஏற்றினேன். சிவப்புக்கு மேல் வெள்ளை.

"இன்னா தம்பி, இன்னும் உக்காந்துகினே கீற?" ஜன்னல் வழியாகத் தமிழ்ச்செல்வி அக்கா. "உக்காந்தா ஜாஸ்தி பேஜாராச்சே!"

"உக்காராம எப்படிக்கா? முக்கிகினு இருக்கேன், ஒண்ணும் நகர மாட்டேங்குது."

"ஐயோ, முக்காத! முக்கவே கூடாது!" என்று ஓடியவர், ஜல்தியாக ஒரு கூடை கருணைக்கிழங்கோடு திரும்பி வந்தார்.

அன்பான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் எதிர்வீட்டிலிருந்து கருணைக்கிழங்கு வந்தது. சந்தவாசலிலிருந்து என் மாமியார் சின்னம்மாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பியது ஒரு கோணி. கூட ஒரு கட்டு துத்திக் கீரை. கருணை மசியல், கருணை வறுவல், கருணைக் குழம்பு. கருணையே இல்லாமல் சமைத்துப் போட்டாள் சசிகலா.

"ஏன் சசி, ஊர்ல வேற காயே வெளையலையா?"

"உங்க முயற்சிக்கு மரியாதைங்க."

நம்பினேன். ஏனென்றால் கம்பெனி பஸ்ஸிலும் மரியாதை கூடியிருந்தது. முன் சீட்டை எனக்காகக் காலியாக வைத்தார்கள். அதன்மேல் யாரோ ஒரு ரப்பர் வளையம் வேறு வைத்திருந்தார்கள். டிரைவர் துரைக்கண்ணு ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும் நிறுத்தி, "சார், புடிச்சிக்கோங்க" என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தொட்டில் மாதிரி ஏற்றி இறக்கினார். ஓபன் சோர்ஸ் ஆளுக்கு இவ்வளவு மதிப்பா என்று பூரித்துப் போனேன்.

அந்த வாரமே ஒரு நாள் ஷிப்டுக்குள் நுழையும்போது மேனேஜர் கூப்பிட்டார். ரூமுக்குள் போனேன். உட்காரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார்.

"கோகுல்ராஜ், உங்களுக்கு... மூலம்னு கேள்விப்பட்டேன்."

எனக்குத் தமிழ் மறக்கவில்லை! முதல் தடவையாக! "ஆமா சார்! திறந்த மூலம்!"

"இவ்வளவு சத்தமா சொல்றீங்களே, கூச்சமா இல்லயா?"

"எதுக்கு சார் கூச்சம்? மூடி வெச்சாத்தான் தப்பு. திறந்து காட்டினாதான் நாலு பேர் பாத்து சரி பண்ணுவாங்க."

மேனேஜர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேருக்கு... காட்டினீங்களா?"

"படம் புடிச்சுப் போட்டேன் சார், நெட்ல. ஒரே செவப்பா இருக்குதுன்னு."

"நெட்லயா!"

"ஜெர்மனில ஒருத்தர் பாத்துட்டு, 'இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல'ன்னு எழுதி இருக்காரு சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"எனக்கும் பத்து வருஷமா இருக்கு கோகுல். என் சம்சாரத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்க தைரியம் எனக்கு இல்லப்பா."

"நீங்களும் பங்களிப்பாளரா சார்?" என்றேன், வியந்து.

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு லேகிய டப்பாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். லேபிளைப் படித்தேன். முழுசாகப் படித்தேன். பஸ் சீட்டின் வளையமும், வேகத்தடையும், கோணி கருணைக்கிழங்கும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

"சார்! இது அந்த மூலம் இல்ல சார்! எனக்கு ஒண்ணும் இல்ல சார்!"

"மொதல்ல நானும் இப்படித்தான் சொல்லிகினு திரிஞ்சேன்" என்றார் கனிவாக. "ராத்திரி கண்ணு முழிச்சா சூடு. சூடுதான் இதுக்கு எமன். திங்கட்கிழமையில இருந்து உங்களுக்கு டே ஷிப்ட். நிரந்தரமா. நன்றியெல்லாம் சொல்லக்கூடாது."

லேகிய டப்பாவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். "சசி! எனக்கு மூலம்னு ஊர் பூரா சொன்னது யாரு?"

"நீங்கதான். நான் திறந்த மூலம்னுதான் சொன்னேன். நீங்க கத்துக்கொடுத்த தமிழ்."

"ஓபன் சோர்ஸ்னு சொல்லக்கூடாதா? கான்வென்ட்ல படிச்சவதானே நீ?"

"அக்காவுக்கு இங்கிலீஷ் வராதுங்க."

"மேனேஜர் சம்சாரத்துக்கு வருமே!"

"அவங்க புடவை எடுக்க அக்கா வீட்டுக்கு வந்தப்ப நானும் போயிருந்தேன். ரொம்ப அக்கறையா விசாரிச்சாங்க. தமிழ்ல கேட்டாங்க, தமிழ்ல சொன்னேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு, பாப்பா பிறந்ததிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

"வேணும்னே செஞ்சியா?"

"எட்டு மாசமா கேட்டேங்க. கதவை ரெண்டு தாழ்ப்பாள் போட்டுகினு, பாப்பாவ மடியில வெச்சிகினு, விடியறத பாத்துகினே உக்காந்திருந்தேன். உங்க மூலமா ஆவாதுன்னு தெரிஞ்சுபோச்சு. மூலத்தாலயாவது ஆவட்டும்னு விட்டுட்டேன்."

கௌரவத்துக்காக ஒன்று சொன்னேன்.

"ஷிப்ட் போவட்டும். ஆனா நான் ஆரம்பிச்சத விடமாட்டேன். அந்தச் சூழலை அமைக்காம ஓயமாட்டேன்."

"அது அப்பவே ஓடிகினு இருக்கு."

"என்னது?"

"நீங்க தூங்கறப்ப அந்த நூலகத்துக்காரங்க போட்டிருந்த குறிப்பைப் படிச்சேன். ரெண்டாவது வரியிலயே இருக்கு, ஃபோல்டர் பேர்ல இடைவெளி வரக்கூடாது, இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கணும்னு. நீங்க 'திறந்த மூலம்'னு பேர் வெச்சிருந்தீங்க."

தமிழ் எழுத்தை எண்ணுகிற நூலகத்துக்குத் தமிழில் பேர் வைத்தால் ஆகாதாம்!

"அப்புறம்?"

"மூலத்தை எடுத்தேன். சரியாயிடுச்சு. கொசுவுக்குக் கொம்பையும் காலையும் ஒட்டவெச்சு அனுப்பிட்டேன். நூலகத்தைப் பாத்துக்கற அந்த ஜெர்மனிக்காரர் ஏத்துகினு தாங்க்ஸ் சொல்லியிருக்காரு."

"யார் பேர்ல அனுப்பின?"

"செஞ்சவங்க பேர்லதான் அனுப்பணுமாம். மூணாவது வரி."

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். விளக்கேற்றி, சாப்பாடு போட்டு, பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் பாயை விரித்தாள் சசிகலா. பல்லி கத்தியது. அவள் கண்டுகொள்ளவில்லை. எதிர்வீட்டுத் தறி நின்றது. அதையும் கண்டுகொள்ளவில்லை. பாப்பா மட்டும் கண்டுகொண்டு அழ ஆரம்பித்தது. நான் பாப்பாவோடு நாற்காலியில் உட்காரப் போனேன்.

"ஐயோ, நீங்க உக்காரக்கூடாதுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "தோள்ல போட்டுகினு விடியற வரைக்கும் நடங்க."